பிளைவுட் ஏறாத வண்டி

டெக்சஸில் குடியேறிய எந்த ஆணுக்கும் ஒருநாள் பிக்கப் ஆசை வந்தே தீரும். சிலருக்கு வந்த முதல் மாதமே வரும். என்னைப் போன்ற அடக்கமானவர்களுக்கு வீட்டுக்கடன் பாதி கழிந்து, முழங்கால் முனக ஆரம்பித்த பிறகு வரும். ஆஸ்டினுக்கு வடக்கே நாங்கள் இருக்கும் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு பிக்கப் நிற்கிறது. பல் டாக்டர் வைத்திருக்கிறார். யோகா சொல்லித்தரும் அம்மாள் வைத்திருக்கிறார். கோடி வீட்டில் வருமான வரிக் கணக்கு எழுதுபவரின் வண்டி ஒரு படகையே கட்டி இழுக்கும் சக்தி கொண்டது. அவர் அதில் ஏற்றி நான் பார்த்த ஒரே சரக்கு அவருடைய நாய். அதுவும் முன்சீட்டில்.

எனக்கு அவ்வளவு பெரிய வண்டி வேண்டாம். நடுத்தர அளவு போதும். டகோமா, ரேஞ்சர், கொலராடோ, ஃபிரான்டியர் என்று ஒரு வகை இருக்கிறதே, அது. நடுத்தர வர்க்கத்தில் பிறந்தவனுக்கு ஆசையும் நடுத்தரமாகத்தான் வரும்.

“எதுக்குங்க?” என்றாள் மனைவி.

பதில் தயாராக இருந்தது. கொல்லையில் முருங்கைக்கு மண் அடிக்க வேண்டும். நவராத்திரிக்குக் கொலுப்படி செய்ய பிளைவுட் வாங்க வேண்டும். பொங்கல் விழாவுக்குக் கரும்புக் கட்டு, அண்டா, மேடைச் சாமான் எல்லாம் எடுத்துப்போக வேண்டும். பிக்கப் வைத்திருப்பவன்தான் எந்தத் தமிழ்ச் சங்கத்துக்கும் தேர்தல் இல்லாமலே ஆயுட்காலச் செயற்குழு உறுப்பினர்.

“அதெல்லாம் வருஷத்துல நாலு நாள். மத்த நாளெல்லாம்?”

“ஆபீஸுக்குப் போவேன்.”

“நீங்கதான் வீட்லேருந்து வேலை பாக்கறீங்களே.”

விசாரிக்கக் காசா பணமா என்று சொல்லி அந்தப் பேச்சை அத்தோடு முடித்தேன்.

விசாரித்தேன். 2024-இல் புதிய உருவத்தில் வந்த டொயோட்டா டகோமாவின் ஆரம்ப விலை 31,500 டாலர். பரவாயில்லையே என்று மனம் துள்ளியது. பிறகுதான் தெரிந்தது, அதில் இரண்டே இருக்கைகள். எங்கள் குடும்பத்தில் மூன்று பேர். தவிர, அந்த ஆரம்ப விலை வண்டி ஜவுளிக்கடை விளம்பரத்தில் ‘499 ரூபாய் முதல்’ என்று போட்டிருக்கும் புடவை மாதிரி: கடையில் இருப்பது சத்தியம், கண்ணால் பார்த்தவர்தான் யாரும் இல்லை. நாலு கதவு, பின்சீட்டு, நாலு சக்கர இழுவை என்று மனிதர்கள் கேட்கக்கூடியதை எல்லாம் கேட்டால் 40 ஆயிரத்தைத் தாண்டி 45-ஐ எட்டிப் பார்க்கிறது.

அதே வண்டியின் உச்சாணிக் கிளையில் டிஆர்டி ப்ரோ என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. 2024-இல் அது வந்தபோது விலை 63,900 டாலர். அதில் முன் இருக்கைகளுக்கே தனி ஷாக் அப்சார்பர் வைத்திருக்கிறார்கள். வண்டிக்கு ஷாக் அப்சார்பர், அதற்குமேல் இருக்கைக்கும் ஷாக் அப்சார்பர். விலையைக் கேட்கிறவனுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. பக்கத்துக் கிளையில் டிரெயில்ஹன்டர். அதற்குப் புழுதி இல்லாத காற்றை இழுக்கக் கூரை உயரத்தில் ஒரு மூக்கு, டயருக்குக் காற்றடிக்க வண்டிக்குள்ளேயே ஒரு கம்பிரஸர். பாலைவனத்தில் தன்னந்தனியாகத் தவிக்கும் மனிதனுக்கு உயிர்காக்கும் வசதிகள்தான். எங்கள் ஊரில் அவற்றை வாங்குபவர்களில் பெரும்பாலோர் மளிகைக்கடை பார்க்கிங்கில் தவிப்பவர்கள்.

டீலர் கடைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் போக வேண்டும் என்பது என் கட்சி. டெக்சஸ் சட்டப்படி கார் கடைகள் சனி, ஞாயிறு இரண்டில் ஒரு நாள் மூடியாக வேண்டும். பெரும்பாலும் ஞாயிறு மூடுவார்கள். அன்றைக்கு வண்டிகளை நிதானமாகப் பிரதட்சிணம் வரலாம். குருக்கள் குறுக்கே வரமாட்டார். ஆனால் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி என்பதால் சனிக்கிழமை போக நேர்ந்தது. கார் கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் ஊன்றுவதற்குள் ஓர் இளைஞர் வந்து கைகுலுக்கிவிட்டார்.

அமெரிக்காவில் புது வண்டியின் கண்ணாடியில் விலைப்பட்டியல் ஒட்டியிருக்க வேண்டும் என்பது 1958-இல் வந்த சட்டம். கொண்டுவந்தவர் ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி. அந்தக் காகிதத்துக்கே இன்றும் அவர் பெயர்தான். டீலர் வாய்க்கு வந்த விலையைச் சொல்லி ஏமாற்றக்கூடாது என்பது அவர் நோக்கம். நல்ல மனிதர். அந்தக் காகிதத்துக்குப் பக்கத்திலேயே டீலர் இன்னொரு காகிதம் ஒட்டுவார் என்பது அவருக்குத் தோன்றவில்லை. நான் பார்த்த வண்டியின் இரண்டாம் காகிதத்தில் கதவு விளிம்புக்கு ரப்பர் பட்டை, பக்கவாட்டில் ஒரு கோடு, டயருக்கு நைட்ரஜன் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று இலக்கத்தில் விலை போட்டிருந்தது.

“அப்பா, காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தானே?” என்றாள் மகள். ஒன்பதாம் வகுப்பு.

இளைஞருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இந்தக் கேள்வியைப் பல மொழிகளில் கேட்டவர்போலச் சிரித்தார். மீதி 22 சதவீதத்துக்கா இவ்வளவு காசு என்று நானும் கேட்கவில்லை. குடும்பத்தில் ஒருவர் கேட்டால் போதும்.

உள்ளே உட்கார வைத்ததும் அவர் வண்டியின் விலையைப் பேசவே இல்லை. மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்றுதான் கேட்டார். நான் விலை என்ன என்றேன். அவர் மாதம் எவ்வளவு என்றார். நான் விலை என்றேன். இரண்டு ஊமைகள் தாயம் ஆடுவது போல் கொஞ்ச நேரம் நடந்தது. கடைசியில் ஒரு தாளை நாலு கட்டமாக மடித்து, மாதத் தவணையை நான் சொன்ன தொகைக்கே கொண்டுவந்து காட்டினார். அசந்துபோனேன். பிறகு தாளின் ஓரத்தைப் பார்த்தேன்: 84 மாதம். ஏழு வருஷம். என் மகள் பள்ளி முடித்து, கல்லூரியும் முடிக்கப்போகும் நேரத்தில்தான் அந்த வண்டி என் பெயருக்கு முழுசாக வரும். இதற்குமேல் மாநில விற்பனை வரி 6.25 சதவீதம், தொழிற்சாலையிலிருந்து வண்டியைக் கொண்டுவந்த கூலி ஆயிரத்துச் சொச்சம். கொண்டுவராத வண்டியை நான் எப்படி வாங்குவேன் என்று கேட்கத் தோன்றியது. மூன்று மணி நேரமாகிவிட்டது, மகளுக்குப் பசி. கிளம்பிவிட்டோம்.

அன்றிரவு மன்னார்குடிக்குப் போன் பேசினேன். அம்மா டாலரை ரூபாயாக்குவதில் வங்கிகளை விட வேகம்.

“38 லட்சமா! என்ன வண்டிடா?”

“சாமான் ஏத்தற வண்டிம்மா. பின்னாடி தொட்டி மாதிரி இருக்கும்.”

“வாடகைக்கு ஓட்டப்போறியா?”

“இல்லம்மா. சும்மா, வீட்டுக்கு.”

“சும்மாவுக்கா 38 லட்சம்? நம்ம தெருக்கோடியில செங்கல் ஏத்தறவன் குட்டி யானை வாங்கினான். நாலே வருஷத்துல கடனை அடைச்சுட்டு இப்ப ரெண்டாவது யானை வாங்கப்போறான்.”

டாடா ஏஸ் என்ற குட்டி யானையின் புதுத்தம்பி ஏஸ் ப்ரோ 2025-இல் வந்தபோது விலை 3.99 லட்சத்தில் ஆரம்பித்தது. அந்தக் கணக்கில் என் பிக்கப் விலைக்கு ஒன்பது குட்டி யானை. அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை.

ஏன் இந்த விலை என்று துருவியதில் அகப்பட்ட முதல் குற்றவாளி கோழி. விளையாட்டில்லை. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கா பண்ணைக்கோழியை மலிவாக வளர்த்து ஐரோப்பாவில் கொண்டுபோய்க் கொட்டியது. மேற்கு ஜெர்மனியும் பிரான்சும் எங்கள் கோழிக்காரன் பிழைக்க வேண்டாமா என்று வரியை ஏற்றின. பதிலடியாக அமெரிக்கா நாலு பொருளுக்கு வரி போட்டது. உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின் என்ற ஒருவகைப் பசை, பிராந்தி, சிறிய சரக்கு வண்டி. கடைசியாகச் சொன்னது ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் வண்டிகளுக்கு வைத்த குறி. 25 சதவீதம். காலப்போக்கில் மாவு, பசை, பிராந்தி மூன்றும் அந்த வரியிலிருந்து விடுதலையாகி வெளியே வந்துவிட்டன. சரக்கு வண்டி மட்டும் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. பிராந்திக்கு வாதாட ஆள் கிடைத்திருக்கிறது, பாருங்கள்.

கையெழுத்துப் போட்டவர் லிண்டன் ஜான்சன். கென்னடி சுடப்பட்டு இவர் ஜனாதிபதியாகி இரண்டு வாரம்கூட முடியாத 1963 டிசம்பரில். எங்கள் டெக்சஸ்காரர். அவருடைய பண்ணைவீடு ஆஸ்டினுக்கு மேற்கே ஸ்டோன்வாலில் இருக்கிறது. இப்போது தேசிய வரலாற்றுப் பூங்கா. அங்கே அவருடைய நீலநிறக் கார் ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். தரையிலும் ஓடும், தண்ணீரிலும் மிதக்கும் ஆம்ஃபிகார். விருந்தாளிகளை அதில் ஏற்றிக்கொண்டு, பிரேக் பிடிக்கவில்லை என்று அலறியபடி சரிவில் ஏரிக்குள் விட்டு, அவர்கள் வெலவெலத்துப் போவதைப் பார்த்துச் சிரிப்பது ஜனாதிபதியின் பொழுதுபோக்கு. அந்தக் கார் எங்கே செய்தது? மேற்கு ஜெர்மனியில். ஜெர்மானிய வண்டியில் தனக்கு விளையாட்டு, மற்றவனுக்கு வரி. இவ்வளவு பெரிய நகைச்சுவையாளரை வெறும் அரசியல்வாதி என்று ஒதுக்கிவிட்டார்கள்.

வரி வந்தால் கூடவே தந்திரமும் வரும். சுபாரு கம்பெனி 1970-களின் கடைசியில் பிராட் என்று ஒரு குட்டி பிக்கப்பை அனுப்பியது. அதன் தொட்டியில் பின்புறம் பார்த்தபடி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. தொட்டியில் ஆள் உட்கார்ந்தால் அது சரக்கு வண்டி இல்லையாம், காராம்; காருக்கு வரி சொற்பம். திறந்த வெளியில், நெடுஞ்சாலையில், போன வழியைப் பார்த்துக்கொண்டே பயணம் செய்யும் அந்த யோகாசனத்தை அமெரிக்கச் சுங்க இலாகா ஒப்புக்கொண்டது. ரொனால்டு ரீகனே ஒன்று வாங்கித் தன் பண்ணையில் வைத்திருந்தார். இரண்டாவது கதை உள்ளூர் ஃபோர்டுடையது. துருக்கியில் செய்த டிரான்சிட் கனெக்ட் வேன்களில் பின்சீட்டு போட்டு, பயணி வண்டி என்று கணக்குக் காட்டி இறக்கி, இறங்கியதும் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டுச் சரக்கு வேனாக விற்றார்கள். வழக்கு இழுத்து இழுத்து 2024-இல் 36.5 கோடி டாலர் கட்டி சமரசமானார்கள். வெளிநாட்டு வண்டியைத் தடுக்க வளர்த்த கோழி வீட்டுக்காரனையே கொத்தியது.

டகோமா இப்போது மெக்சிகோவில் தயாராகிறது. 2010 முதல் 2021 வரை எங்களுக்குப் பக்கத்திலுள்ள சான் அன்டோனியோவில்கூடச் செய்துகொண்டிருந்தார்கள். வட அமெரிக்க ஒப்பந்தப்படி கோழி வரி அதைத் தொடாது. (2025 ஏப்ரலில் வந்த வேறொரு 25 சதவீதம் தொடும், வண்டியில் அமெரிக்கப் பாகம் போக மீதிக்கு.) அப்படியானால் கோழியை ஏன் திட்டுகிறேன்? வேலியைத்தான் திட்டுகிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் தாய்லாந்தில் இதே டொயோட்டா 2023-இல் ஹைலக்ஸ் சாம்ப் என்று ஒரு பிக்கப்பை 459,000 பாட் விலையில் இறக்கியது. கிட்டத்தட்ட 13,000 டாலர். தட்டையான தொட்டி, அதன்மேல் டீக்கடை வேண்டுமா, ஆம்புலன்ஸ் வேண்டுமா, கட்டிக்கொள்ளலாம். அது இங்கே வராது. வராது என்று தெரிந்தால் உள்ளே இருப்பவர்கள் விலையைக் குறைக்க அவர்களுக்கென்ன பைத்தியமா?

இன்னொரு விதியும் உண்டு. வண்டியின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள பரப்பு பெரிதாக ஆக, கட்டாய மைலேஜ் இலக்கு தளரும். எரிபொருளை மிச்சம் பிடிக்கப் போட்ட விதிதான். சின்ன வண்டிக்குக் கடுமை, பெரிய வண்டிக்குச் சலுகை என்றால் வண்டி என்ன செய்யும்? வளரும். பழைய ரேஞ்சர் 2011-இல் அமெரிக்காவை விட்டுப் போனது, 2019-இல் திரும்பி வந்தது. போனபோது ஒல்லிப் பையன். வந்தபோது கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவன் உடம்பு. டகோமாவின் நாலு கதவு மாடல் 17 அடி 9 அங்குல நீளம். இதுதான் நடுத்தரம். எங்கள் கராஜில் அது நுழைய வேண்டுமானால் மொத்தமாக வாங்கி அடுக்கிய டிஷ்யூ பேப்பர் மூட்டைகளுக்குத் தனியாக ஒரு வீடு பார்க்க வேண்டும்.

கோழி, விதி, சிப் பஞ்சம் எல்லாம் சரி. (2021, 22-இல் சிப் கிடைக்காமல் புது வண்டிக்குத் தட்டுப்பாடு வர, பழைய டகோமா புது விலைக்கு மேலே போன கூத்தும் நடந்தது.) ஆனால் என்னைக் கேட்டால் விலையை ஏற்றியது எங்கள் தெருதான். பல் டாக்டரும் யோகா அம்மாளும் நானும். பிக்கப் என்பது சம்பாதித்துக் கொடுக்கும் வண்டியாக இருந்தவரை, அதன் விலைக்கு ஒரு வரம்பு இருந்தது. எத்தனை லோடு அடித்தால் கடன் தீரும் என்று வாங்குகிறவன் கணக்குப் போட்டான். எங்களுக்கு லோடே இல்லை. லோடு இல்லாதவனுக்குக் கணக்கும் இல்லை. தோல் இருக்கை கேட்டோம், கொடுத்தார்கள். டாஷ்போர்டிலிருந்து கழற்றி எடுத்துப்போகும் ஸ்பீக்கர் கொடுத்தார்கள், டேப்லெட்டை விடப் பெரிய திரை கொடுத்தார்கள். சாதாரண மாடலில் லாபம் குறைவு, சொகுசு மாடலில் அதிகம், எதைச் செய்வார்கள்? இப்போது அமெரிக்காவில் புது வண்டிகளின் சராசரி விலையே 2025 செப்டம்பரில் 50,000 டாலரைத் தாண்டிவிட்டது. 2022 மாடலாக 19,995 டாலருக்கு வந்த ஃபோர்டு மாவரிக், நடுத்தரத்துக்கும் சின்ன வண்டி, மூன்றே வருஷத்தில் 26 ஆயிரத்துக்கு மேல்.

எங்களுக்காக எதைக் குறைத்தார்கள் என்று தெரிந்தால் அம்மா இன்னும் சிரிப்பாள். தொட்டியைக் குறைத்தார்கள். நாலு கதவும் பின்சீட்டும் வைக்க இடம் வேண்டுமே. இப்போது இந்த ரகத்தில் அதிகம் விற்பது 5 அடித் தொட்டி. 2024 ரேஞ்சர், கொலராடோ இரண்டிலும் நாலு கதவு, சின்னத் தொட்டி தவிர வேறு வழியே வைக்கவில்லை. பிளைவுட் பலகை 8 அடி நீளம், 4 அடி அகலம். டகோமா, கொலராடோ போன்றவற்றில் சக்கர மேடுகளுக்கு நடுவே 4 அடி கிடையாது. ஆக, 45,000 டாலர் சரக்கு வண்டியில் கொலுப்படிப் பலகை மேட்டின்மேல் தொற்றிக்கொண்டு, பாதி உடம்பு வெளியே தொங்க, சிவப்புத் துணி கட்டிப் போக வேண்டும். இந்தக் கூட்டத்தில் ஹோண்டா ரிட்ஜ்லைனில் மேடுகளுக்கு நடுவே பலகை தட்டையாகப் படுக்கும். அதைப் பிக்கப் என்றே சொல்லக்கூடாது என்று எங்கள் தெருவில் ஒரு கட்சி இருக்கிறது.

எங்கள் புல்லை வெட்ட வருபவர் மெக்சிகோக்காரர். அவரிடம் 90-களின் டொயோட்டா பிக்கப். ஒரு பக்கக் கண்ணாடி டேப்பில் நிற்கிறது. தொட்டி எங்கும் வடு. ஆனால் புல்வெட்டி, ஏணி, மண்மூட்டை, மகன் என்று எல்லாம் ஏறும். புதுசு வாங்கவில்லையா என்றேன். பல் டாக்டர் வீட்டு வண்டியைத் தாடையால் காட்டி, அந்தத் தொட்டியில் மண்வாரி போட எனக்கே மனசு வராது என்றார். சரி, இதை எனக்குக் கொடுப்பீர்களா என்று பேச்சுக்குக் கேட்டேன். ஒரு விலை சொன்னார். நைட்ரஜன் இல்லாமலே அந்த விலை.

போன மாதம் சிக்னலில் ஒரு வெள்ளை ஜப்பான் குட்டி டிரக் பக்கத்தில் வந்து நின்றது. கேய் டிரக் என்பார்கள். 660 சிசி எஞ்சின், தட்டை மூக்கு, குட்டி யானைக்குப் பங்காளி முறை. 25 வயது தாண்டிய வெளிநாட்டு வண்டியை இறக்குமதி செய்யலாம் என்ற விதியால் வந்தது. இவற்றைப் பதிவு செய்ய மாட்டோம் என்று டெக்சஸ் மோட்டார் வாகன இலாகா கொஞ்ச காலம் முறைத்துப் பார்த்து, பிரியர்கள் கூச்சல் போட்டதும் 2024-இல் இறங்கிவந்தது. அதன் தொட்டி 6 அடிக்கு மேல், பக்கப் பலகைகளை இறக்கினால் மேடே இல்லாத சமதளம். புது டகோமாவின் தொட்டியை விட நீளம். ஓட்டிவந்த தாத்தா என்னைப் பார்த்துக் கையசைத்தார். மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். “முன்னாடி எஞ்சினே தெரியலையே, மோதினா நம்ம முழங்கால்தானே பம்பர்?” என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

நவராத்திரி வந்தது. எங்களிடம் இருக்கும் வண்டி, அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கல்யாணச் சீரில் வைத்துத் தருவதுபோல் கிடைக்கும் ஹோண்டா ஒடிஸி வேன். அதன் நடுவரிசை இருக்கைகளைக் கழற்றி (ஒவ்வொன்றும் சுமார் 30 கிலோ, என் இடுப்பு சாட்சி), பின்வரிசையைத் தரைக்குள் மடித்துவிட்டால் பிளைவுட் தட்டையாகப் படுக்கிறது. பின்கதவும் மூடுகிறது. சிவப்புத் துணி வேண்டாம். கடை வாசலில், அதே பலகையோடு ஒரு பெரிய பிக்கப்பில் கயிறு கட்டித் திண்டாடிக்கொண்டிருந்த ஒருவர் என் வேனை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் மூன்று தவணைகூடக் கட்டத் தயார்.

அந்த வாரமே நெய்வேலிக்கார நண்பரிடமிருந்து போன். போன வருஷம்தான் புது பிக்கப் எடுத்தவர். கறுப்பு நிறம், உச்சாணி மாடல், 84 மாதம். ஊரில் யாருக்கு என்ன சாமான் ஏற்ற வேண்டுமானாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவோம். அவரும் முதல் இரண்டு மாதம் சலிக்காமல் வந்தார்.

“சார், சனிக்கிழமை உங்க ஒடிஸி ஃப்ரீயா?”

“எதுக்கு சார்? உங்ககிட்டதான் பிக்கப் இருக்கே?”

“கொலுவுக்கு நாலு பலகை எடுக்கணும். நம்ம வண்டியில நீளம் பத்தாது. அதோட தொட்டியில கீறல் விழுந்துடும் சார்.”

போனைக் கையால் பொத்திக்கொண்டு மனைவியிடம் சொன்னேன். கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல், “குடுங்க. கேஸ் ஃபுல் பண்ணிக் கொண்டுவரச் சொல்லுங்க, சீட்டை அவரையே திருப்பி மாட்டச் சொல்லுங்க” என்றாள்.